கூரையில்லாத முயல்கூண்டு

ஜூன் 3, செவ்வாய்

கரண்ட் இல்லை. போனில் சார்ஜ் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

ஆற்றங்கரையில் எங்கள் வீட்டை இடித்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. இப்போது ஊருக்கு வெளியே, சதுப்பு நிலத்தை ஒட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பில் ஏழாவது மாடி. நான், அம்மா, இரண்டு முயல்கள். லிப்ட் ஓடவில்லை. "உனக்கென்னடி, அபார்ட்மெண்ட்டுக்குப் போயிட்ட" என்றாள் கல்லூரியில் கூடப் படித்த ஒருத்தி. ஒரு குடம் தண்ணீரோடு ஏழு மாடி ஏறிவிட்டு வந்து அதையே மறுபடி சொல்லச் சொன்னேன்.

முயல்கள் எனக்கு மட்டும் சொந்தமில்லை, பாதி குமுதாவுடையவை. எங்கள் வீட்டுக்கும் குமுதா வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர், நீலச் சுண்ணாம்பு அடித்தது. அடியில் இரண்டு செங்கல் பெயர்ந்து ஓட்டை. முயல்கள் அந்த வழியாகக் காலையில் அங்கே, மாலையில் இங்கே என்று போய் வரும். யார் வீட்டு முயல் என்ற பேச்சே வந்ததில்லை. பெயர் வைத்தது குமுதா. வெள்ளையாக, கொழுத்து, கண்ணை மூடி உட்கார்ந்தே இருக்கும் ஆணுக்குக் கவுன்சிலர். சாம்பல் நிறத்தில், எதைப் பார்த்தாலும் முறைக்கும் பெண்ணுக்கு டீச்சர்.

குமுதா குடும்பத்துக்கு இங்கே வீடு கிடைக்கவில்லை. கணக்கெடுக்க வந்த நாளில் அவள் அப்பா மங்களூரில் படகு வேலையில் இருந்தார். அவள் அம்மா ஆஸ்பத்திரியில், குமுதா அம்மாவோடு. பூட்டிய வீட்டைப் பார்த்து 'ஆள் இல்லை' என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். பிறந்ததிலிருந்து அங்கே இருந்தவள் ஒரு மத்தியானத்தில் இல்லாதவளாகிவிட்டாள். இப்போது மாங்காடு பக்கம் சித்தப்பா வீட்டில் இருக்கிறார்கள். அந்த வீட்டு ஓனர் முயல் கூடாது என்றுவிட்டார்.

"ஒரு மாசம் பாத்துக்கோடி. வீடு கெடச்சதும் வந்து தூக்கினு போயிடறேன். ரெண்டும் உசுரோட இருக்கணும், சொல்லிட்டேன்" என்றாள், புல்டோசர் சத்தத்துக்கு மேல் கத்தி.

அவ்வளவுதான் என் வேலை. அவள் வரும்வரை இரண்டையும் உயிரோடு வைத்திருக்க வேண்டும். வேறெதையும் யோசிக்கப்போவதில்லை.

ஜூன் 5

முயல்களை எங்கே வைப்பது?

வீட்டுக்குள் முடியாது. ஒரு அறை, ஒரு சமையல் மூலை. ஜன்னலுக்கு வெளியே பக்கத்துக் கட்டடத்தின் ஜன்னல். காற்று எங்கிருந்தும் வருவதில்லை. நடைவழியில் பூனைகள். படிக்கட்டில் நாய்கள் ஐந்தாவது மாடி வரை ஏறி வந்து படுத்திருக்கின்றன. அவற்றுக்கும் லிப்ட் இல்லை.

"மேல ஏத்திடு" என்றாள் அம்மா.

ஆற்றுக்காரர்களின் முதல் யோசனையே அதுதான். எதுவாக இருந்தாலும் மேலே ஏற்று. எங்களுக்கு வந்ததெல்லாம் கீழேயிருந்துதான் வந்தது. தண்ணீர், பெருச்சாளி, பாம்பு, நாய். பெரிய வெள்ளம் வந்த வருடம் அம்மா பரணில் முதலில் ஏற்றியது ரேஷன் கார்டை. பிறகு காஸ் அடுப்பு. மூன்றாவதாக என்னை. இன்று வரை அந்த வரிசைக்கு விளக்கம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

முயல்பெட்டியையும் குமுதாவின் அப்பா அப்படித்தான் செய்திருந்தார். இடுப்பு உயரத்துக்கு நான்கு கால். அடியில் தண்ணீர் புகாத படகுப் பலகை. பக்கங்களில் உயரமான மரச்சட்டங்கள், இடையில் ஒரு விரல் நுழையாது. அம்மாவும் நானும் அதை மொட்டை மாடிக்கு ஏற்றினோம். மாடிக் கதவின் பூட்டை எந்தக் காலத்திலோ உடைத்துவிட்டார்கள். தண்ணீர்த் தொட்டியின் நிழலில் வைத்தோம். சுற்றிலும் சுவர். பூனை வந்தாலும் பெட்டிக்குள் ஏற முடியாது.

நிம்மதியாக இறங்கி வந்தேன்.

ஜூன் 8, ஞாயிறு

மாடியில் நின்றால் சதுப்பு முழுக்கத் தெரிகிறது. நாணல், அதற்குள் தண்ணீர், வெள்ளையாகக் கொக்குகள். காசு உள்ளவர்கள் கேமராவோடு வந்து நிற்கிறார்கள். நாங்கள் பால்கனியில்லாமல் குடியிருக்கிறோம்.

ஆறு நாறியது. அதை மறைத்து எழுத எனக்கு ஆசையில்லை. மழைக்காலத்தில் வீட்டுக்குள்ளேயே நாறியது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை இந்த நேரத்துக்குக் குமுதா அம்மா நெத்திலி வறுத்திருப்பார். அந்த வாசனை சுவர் ஓட்டை வழியாக முயலுக்கு முன்னால் வரும். நான் தட்டை எடுத்து ஓட்டைக்கு நேரே நீட்டுவேன். ஒரு கை வந்து நெத்திலி வைத்துவிட்டுப் போகும். முகம் பார்க்கத் தேவையில்லை. வளையல் சத்தத்திலேயே அது குமுதாவா அவள் அம்மாவா என்று தெரியும்.

இங்கே எதிர் வீட்டில் யார் என்று இன்னும் தெரியாது. அவர்கள் கதவு சாத்தியிருக்கிறது. எங்கள் கதவும்.

ஜூன் 12

கவுன்சிலர் என் துப்பட்டாவின் நுனியைத் தின்றார். வேறு செய்தி இல்லை.

ஜூன் 16, திங்கள்

வேலைக்கான நேர்காணல். கணக்கு எழுதும் வேலை. பி.காம். மதிப்பெண்ணைப் பார்த்துச் சிரித்த முகத்தோடு இருந்தவர் விலாசத்தைக் கேட்டார். சொன்னேன். "ஓ, அங்கயா" என்றார். பேனாவை மூடினார். "சொல்லி அனுப்பறோம்."

சொல்லி அனுப்பமாட்டார்கள். ஆற்றங்கரை விலாசத்தைக் கேட்டபோதும் இதே முகம்தான். அப்போது குடிசைக்காரி. இப்போது கட்டடத்தில் இருக்கும் குடிசைக்காரி. இரண்டு பஸ் மாறித் திரும்பி வந்தேன். அம்மா இன்னும் வரவில்லை. பழைய ஏரியாவில் பாத்திரம் தேய்க்கிற நான்கு வீட்டை விட முடியாமல் இருட்டோடு போய் இருட்டோடு வருகிறாள்.

மாடிக்குப் போய் டீச்சரை மடியில் வைத்துக்கொண்டேன். முறைத்தது. ஆறுதல் சொல்லாததற்காக அதைப் பிடிக்கும்.

ஜூன் 22, ஞாயிறு

கவுன்சிலர் செத்துவிட்டது.

காலையில் பெட்டியைச் சுத்தம் செய்துவிட்டு மறுகோடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். வெள்ளை பெட்ஷீட்டின் மேல் ஒரு நிழல் ஓடியது. துணி ஆடுகிறது என்று நினைத்தேன். பின்னால் தொப்பென்று சத்தம். திரும்பினால் பெட்டிக்குள் ஒரு பருந்து. சிறகை விரிக்க இடமில்லாமல் சட்டங்களில் அடித்துக்கொண்டிருந்தது. வாளியை எறிந்தேன். அது மேலே எழும்பி, அவசரமே இல்லாமல் சதுப்புப் பக்கம் போனது.

டீச்சர் ஒரு மூலையில் தன்னையே சுருட்டிக்கொண்டு நின்றது. கவுன்சிலர் பக்கவாட்டில் கிடந்தது. எடுத்து உடம்பெல்லாம் தடவினேன். ரத்தம் இல்லை. காதின் அடியில் ஒரு கீறல், கொசு கடித்த அளவு. அந்தக் கீறலில் யாரும் சாகமாட்டார்கள். பயத்தில் செத்திருக்கிறது.

அப்போதுதான் பெட்டியை முதல்முறையாகப் பார்ப்பது போலப் பார்த்தேன். கால் இருக்கிறது. அடிப்பலகை இருக்கிறது. பக்கங்களில் விரல் நுழையாது. மேலே ஒன்றுமே இல்லை. திறந்து கிடக்கிறது.

அங்கே மூடி தேவைப்படவில்லை. அண்ணாந்தால் மின்சார ஒயர், கேபிள், தார்ப்பாய், கொடித்துணி, முருங்கைக் கிளை, மறுபடி ஒயர். பருந்து இறங்க ஒரு முழம் வானம் கிடையாது. இங்கே வானம் தாராளமாகக் கொடுத்திருக்கிறார்கள்.

அம்மா வந்ததும் சொன்னேன். செத்துப்போனதைத் துணியில் சுற்றி வைத்திருந்தேன். பிரித்துப் பார்த்தாள்.

"நீ இன்னாடி பண்ணுவ பவுலினு. நமக்குக் கீழ பாத்துப் பாத்தே கழுத்து பழகிப்போச்சு" என்றாள்.

ஜூன் 23

ஏழாவது மாடியில் புதைக்க மண் கிடையாது. காலையில் கீழே கொண்டுபோனேன். கட்டடத்துக்குப் பின்னால், வடக்குப் பக்கம், காம்பவுண்டுச் சுவரோரம் கொஞ்சம் மண் இருக்கிறது. தோண்டிக்கொண்டிருக்கும்போது தரைத்தள ஜன்னல் திறந்தது.

"ஏ பொண்ணே, இன்னா தோண்டுற? எங்க தண்ணிக் கொழா அங்கதான் போவுது."

அந்த வீட்டு ஜன்னலில் இட்லி விற்கும் தவமணி அக்கா. வேறொரு கால்வாய்க் கரையிலிருந்து பத்து வருடங்களுக்கு முன்பே இங்கே கொண்டுவந்து போடப்பட்டவர். பேச்சில் அந்தச் சீனியாரிட்டி தெரியும்.

"முயல் செத்துடுச்சுக்கா."

"நேத்தே எங்கையில குடுத்திருந்தா மொளவு போட்டு..." என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். "சரி சரி. ஆழமாத் தோண்டு. இல்லன்னா எங்க ராக்கி எடுத்து வெளிய போட்ரும்."

ராக்கி அவருடைய நாய். பக்கத்தில் உட்கார்ந்து நான் தோண்டுவதைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஜூன் 24

குமுதா போன்.

"கவுன்சிலர் சாப்புடறாரா?"

"சாப்புடறாரு."

"டீச்சரு?"

"மொறைக்குது."

சிரித்தாள். அவள் சிரித்துப் பல நாளாயிற்று. வீடு பார்க்கப்போன இடத்தில் அட்வான்ஸைக் கேட்டுவிட்டுத் திரும்பி நடந்து வந்த கதையைச் சொன்னாள். வீடு தேடி அலைகிறவளிடம் முயல் செத்த கதையைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? நேரில் வரும்போது சொல்லிக்கொள்ளலாம். ஒன்றாவது உயிரோடு இருக்க வேண்டும்.

ஜூன் 25

டீச்சரை வீட்டுக்குள் வைத்தேன். மத்தியானம் சுவர் தொட்டால் சுடுகிறது. முயல் காதை விரித்துப் போட்டுக்கொண்டு வாயால் மூச்சு வாங்கியது. ஈரத்துணி போட்டேன். வெயில் இறங்கியதும் எழுந்து மிக்ஸி ஒயரைக் கடித்து இரண்டாக்கியது.

"இது உள்ள இருந்தா நாம வெளியதான் படுக்கணும்" என்றாள் அம்மா.

மாடியில் பருந்து. வீட்டில் வெயில். மிச்சம் இருப்பது கீழே.

ஜூன் 28, சனி

தவமணி அக்காவோடு பேச்சுவார்த்தை. அவர் சமையல் ஜன்னலுக்கு வெளியே வடக்குப் பக்கம் நாள் முழுக்க நிழல். அவர் விடியற்காலையிலேயே அடுப்பு பற்றவைக்கிறவர். அந்த ஜன்னலுக்குக் கீழே வைத்தால் எப்போதும் ஒரு ஆள் பார்வையில் இருக்கும்.

"நாத்தமடிச்சா எவன் இட்லி வாங்குவான்?"

"தெனம் ரெண்டு வாட்டி நானே கழுவிடறேன்க்கா."

"எனக்கு இன்னா லாபம்?"

"கொத்தமல்லிக் காம்பு, கேரட் தோலு, கோஸ் இலை, எல்லாக் குப்பையும் அது தின்னுடும்."

"எங்கூட்டுக் குப்பையத் திங்கறதுக்குத்தான் மாப்ளன்னு ஒருத்தன் வந்து குந்தினுக்கிறானே."

உள்ளேயிருந்து ஒரு ஆண் குரல், "காதுல வுழுது அத்த" என்றது.

"வுழட்டும்" என்றார் தவமணி அக்கா. என்னிடம், "வச்சித் தொலை. ராக்கியப் பக்கத்துல கட்டிடறேன். எந்த நாயும் அண்டாது. உங்க ஆத்தங்கரையில இந்த பந்தோபஸ்து உண்டா?"

இல்லை என்று ஒப்புக்கொண்டேன். பெட்டியின் மேல் பழைய ஜன்னல் கதவு ஒன்றை மூடியாகக் கட்டினேன்.

ஜூலை 1

ராக்கி காவல் தோல்வி. அது கடிக்கவில்லை, குரைக்கவில்லை. பெட்டியைச் சுற்றிச் சுற்றி நடந்தது. அன்பாகத்தான் நடந்தது போலத் தெரிந்தது. ஆனால் டீச்சர் நேற்று முழுக்க ஒரு இலை தொடவில்லை. கண் விரிந்து, பின்னங்காலால் பலகையைத் தட்டிக்கொண்டே இருந்தது. கையை வைத்தால் நெஞ்சு தறிபோல அடித்தது.

முயலுக்கு நல்ல நாய், கெட்ட நாய் என்று கிடையாது. சுற்றி வருகிறதா என்பது மட்டுமே கேள்வி. கவுன்சிலர் வெறும் பயத்திலேயே செத்ததைப் பார்த்தவளுக்கு இது முன்பே புரிந்திருக்க வேண்டும்.

"எம் புள்ள இன்னா பண்ணுச்சு? வாயத் தொறந்துச்சா?" என்று தவமணி அக்கா கோபித்துக்கொண்டார். ராக்கியை வாசல் பக்கம் கட்டினார். எனக்கு இன்று இட்லிக்குச் சட்னி கிடையாது.

ஜூலை 6, ஞாயிறு

இன்று முழுக்கக் கூண்டு கட்டினோம். அம்மாவுக்கு லீவு.

கோழிவலை வேண்டாம் என்று முடிவு. அது உள்ளே இருப்பது வெளியே போகாமல் பார்த்துக்கொள்ளும். வெளியே இருப்பது பல்லால் இழுத்தால் கிழிந்துவிடும். பழைய இரும்புக் கடையில் கனமான சதுரக் கம்பி வலை வாங்கினேன். ஓட்டை என் சுண்டுவிரல் அளவு. அந்தப் பெட்டிக்குச் சுற்றிலும் ஒரு ஆள் படுக்கும் நீளத்துக்கு வலைச்சுவர். மேலேயும் வலை, அதற்கு மேல் தகரம். நாயும் கீரியும் எப்போதும் சுவரின் அடியிலேயே தோண்டும். அதனால் வலையைக் கீழே மடித்து, வெளிப்பக்கம் ஒரு முழத்துக்குத் தரையில் விரித்து, மேலே கல்லும் மண்ணும் போட்டோம். தோண்ட வருகிறவன் நிற்கிற இடமே வலையாக இருக்கும். பெட்டியின் ஒரு பக்கத்தில் இரண்டு சட்டத்தை எடுத்துவிட்டு, டீச்சர் ஏறி இறங்க ஒரு பலகையைச் சாய்த்து வைத்தோம். உள்ளே ஒளிந்துகொள்ள உடைந்த சிமெண்ட் குழாய் ஒன்று.

தவமணி அக்கா ஜன்னலிலிருந்தே மேற்பார்வை பார்த்தார்.

"ஜெயிலு மாதிரிக் கட்டுறியே."

"ஜெயிலு உள்ள இருக்கறவன வெளிய வுடாது. இது வெளிய இருக்கறவன உள்ள வுடாது."

"அப்ப எனக்கும் ஒண்ணு கட்டிக் குடு. சீட்டுக்காரன் வரும்போது போய் குந்திக்கறேன்."

அம்மா சிரித்துக் கம்பியில் விரலைக் குத்திக்கொண்டாள். தவமணி அக்கா மஞ்சள் கொண்டுவந்து வைத்தார். "எந்த ஆத்தங்கரைம்மா நீங்க?" என்று அம்மாவிடம் கேட்டார். இருவரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். இங்கே வந்த பிறகு அம்மா யாரோடாவது இவ்வளவு பேசியது இதுதான் முதல்முறை. நான் பெரிதாகக் கவனிக்கவில்லை.

ஜூலை 9

விடிவதற்குள் போலீஸ் வந்து மூன்றாவது மாடியில் இரண்டு பையன்களை அழைத்துப்போனது. எங்கேயோ செயின் பறிப்பு. இவர்களா என்று கேட்டால் 'விசாரிக்கத்தான்' என்கிறார்கள். ஒருவன் நைட் ஷிப்ட் முடித்து வந்து படுத்தவன். சட்டை போடக்கூட விடவில்லை. மத்தியானம் விட்டுவிட்டார்கள். சாயங்காலம் அவன் கூண்டுக்குப் பக்கத்தில் வந்து குந்தி, வலைக்குள் அருகம்புல் நீட்டிக்கொண்டிருந்தான். டீச்சர் முறைத்தது. பிறகு தின்றது.

ஜூலை 12

குமுதா போட்டோ கேட்டாள். "ரெண்டும் ஒண்ணா இருக்கிற மாதிரி ஒண்ணு அனுப்புடி."

பழைய போட்டோ ஒன்றை அனுப்பினேன். இரண்டும் காதோடு காது ஒட்டி உட்கார்ந்திருப்பது.

பார்த்ததற்கான இரண்டு நீலக் கோடு உடனே வந்தது. பதில் வெகுநேரம் வரவில்லை. பிறகு ஒரு இதயம் மட்டும் அனுப்பியிருந்தாள்.

ஜூலை 15

காலையில் கூண்டைச் சுற்றி மண் கிளறிக் கிடந்தது. வலையின் மேல் கல் புரண்டிருந்தது. நகக்கீறல்கள். கீரி என்கிறான் மூன்றாவது மாடிப் பையன். பெருச்சாளி என்கிறார் தவமணி அக்கா. எதுவாக இருந்தாலும் உள்ளே வர முடியவில்லை. டீச்சர் குழாய்க்குள் இருந்து முகத்தை மட்டும் நீட்டியது.

கல்லை ஒழுங்காக அடுக்கினேன். எனக்குப் பாட்டு வந்தது. யாரும் இல்லாததால் பாடினேன்.

ஜூலை 19, சனி

டீச்சர் இரண்டு நாளாக வைக்கோலை வாயில் கவ்விக்கொண்டு அலைந்தது. இன்று காலை பெட்டியின் மூலையில் பஞ்சு மேடு. தன் நெஞ்சு மயிரைத் தானே பிடுங்கிப் போட்டிருக்கிறது. மேடு லேசாக மூச்சு விட்டது. விலக்கினால், ரோஸ் நிறத்தில் நான்கு. கண் இல்லை, மயிர் இல்லை, ஒன்றன் மேல் ஒன்றாக.

கவுன்சிலர் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை என்று தெரிகிறது.

ஜன்னலைத் தட்டிச் சொன்னேன். தவமணி அக்கா மாவுக் கையோடு ஓடி வந்தார். எட்டு மாடிக்கும் செய்தி போய்விட்டது. வரிசையாக வந்து பார்த்தார்கள். கடைசியில் எல்லோரையும் துரத்தவேண்டியிருந்தது. எதிர் வீட்டுக்காரர் பெயர் கோதண்டம் என்று அந்தக் கூட்டத்தில்தான் தெரிந்தது.

ஜூலை 21

சண்டை.

டீச்சர் குட்டிகள் பக்கமே போவதில்லை. நாள் முழுக்கக் கூண்டின் மறுகோடியில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

"தாயா அது? பெத்துப்போட்டுட்டு இன்னா தெனாவட்டா குந்தினுக்குது பாரு. பால் ஊத்தலன்னா நாலும் பூடும்" என்று தவமணி அக்கா இங்க் பில்லரும் பசும்பாலுமாக வந்துவிட்டார்.

தொடக்கூடாது என்றேன். போனில் படித்திருக்கிறேன் என்றேன். போன் பெற்றதா என்று கேட்டார். பிடிவாதமாகக் கூண்டின் கதவை மறித்து நின்றேன். எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

ஜூலை 23

விடிகிற நேரம் போய்க் காத்திருந்தேன். தவமணி அக்கா ஜன்னலில் இட்லித் தட்டோடு வாயை மூடிக்கொண்டு நின்றார். டீச்சர் நாலாபக்கமும் காதைத் திருப்பியது. குழாயிலிருந்து வெளியே வந்தது. பெட்டிக்குள் ஏறி மேட்டின் மேல் நின்றது. பஞ்சுக்குள்ளிருந்து சத்தமில்லாத ஒரு தள்ளுமுள்ளு. கொஞ்ச நேரம்தான். குதித்திறங்கி மறுபடி மறுகோடிக்குப் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டது. நான்கின் வயிறும் உருண்டை.

"அவ்ளோதானா?" என்றார் தவமணி அக்கா.

அவ்வளவுதான். ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு முறை. மற்ற நேரமெல்லாம் பக்கத்தில் இருந்தால் தாயின் வாடையைப் பிடித்துக்கொண்டு நாயும் கீரியும் குட்டிகளிடம் வந்துவிடும். அதனால் தூரமாகப் போய் உட்கார்ந்துவிடுகிறது. தெனாவட்டு இல்லை.

இன்று சட்னி இரண்டு வகை வந்தது.

ஜூலை 26, சனி

குமுதா வந்தாள். சொல்லாமல் வந்தாள்.

நான் கூண்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். "இங்க ஏழாவது மாடி பவுலின் வூடு எதுங்க?" என்று பின்னாலிருந்து குரல். திரும்பாமலே தெரிந்தது. இளைத்திருக்கிறாள். தோளில் ஒரு ஹேண்ட்பேக். முயலை எடுத்துப்போகக் கூடை எதுவும் கையில் இல்லை.

வலைக்குள் குனிந்து பார்த்தாள். டீச்சரைப் பார்த்தாள். பஞ்சு மேட்டைப் பார்த்தாள். வேறெதையும் தேடவில்லை.

"குமுதா, கவுன்சிலர்..."

"தெரியும்டி."

"யார் சொன்னா?"

"நீ ஃபோட்டோ அனுப்புனியே அன்னிக்கே. பின்னாடி நம்ம செவுரு இருந்துச்சு."

அவள் வலையின் இரும்பைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"அப்ப ஏன்டி கேக்கல?"

"செவுரு நல்லாத் தெரிஞ்சுது. அத்தப் பாத்துனு இருந்தேன்."

எப்படிச் செத்தது என்று சொன்னேன். நிழல், பெட்ஷீட், மூடி இல்லாத பெட்டி எல்லாம். அவள் கேட்டுக்கொண்டே தலையை ஆட்டினாள். "எங்கப்பாரு அதுக்கு மூடி போடணும்னு நெனச்சே இருக்கமாட்டாரு" என்றாள். "அவரு மேலயும் தப்பில்ல."

தவமணி அக்கா ஜன்னலைத் திறந்தார். "இதான் அந்தப் பாதி மொதலாளியா?"

"ஆமாக்கா."

"முயலத் தூக்கினு போக வந்தியாம்மா? இப்பப் போய் எடுத்தா குட்டி நாலும் செத்துப்பூடும், சொல்லிட்டேன். கண்ணு தொறக்கட்டும். அப்புறம் பாரு."

குமுதாவை மேலே கூட்டிப்போனேன். படி ஏறும்போது நாலாவது மாடியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். அங்கேதான் சொன்னாள். வீடு கிடைக்கவில்லை. கேட்கிற அட்வான்ஸ் கட்டுப்படியாகவில்லை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அவளுக்கும் அவள் அம்மாவுக்கும் வேலை, தங்க ஹாஸ்டல். அப்பா மங்களூரிலேயே இருக்கட்டும் என்று முடிவு. நாளைக்குப் பஸ்.

"ஹாஸ்டல்ல முயல் வுடமாட்டாங்க" என்றாள்.

"தெரியும்."

"அதான் பாத்துட்டுப் போலாம்னு."

இந்த ஊரில் கட்டடத்துக்குக் குறைவில்லை. எங்கள் கட்டடத்திலேயே பூட்டிக் கிடக்கும் வீடுகள் இருக்கின்றன. இருபத்தோரு வயதுவரை இந்த ஊரில் இருந்த ஒருத்திக்கு இடமில்லை, ஏனென்றால் ஒரு மத்தியானம் அவள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். யாரிடமாவது கத்த வேண்டும் போலிருந்தது. படிக்கட்டில் யாருமில்லை. குமுதா மட்டும்தான் இருந்தாள். அவளிடம் கத்த முடியாது.

அம்மா நெத்திலி வாங்கி வந்து வறுத்தாள். குமுதா தட்டை வாங்கிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தாள். சுவரில் கையை வைத்துத் தட்டிப் பார்த்தாள். "கான்கிரீட்டா?" என்றாள். ஆமாம் என்றேன். "எலி கூடப் போவ முடியாது" என்றாள். இருவரும் நிறையச் சாப்பிட்டோம்.

ஜூலை 27, ஞாயிறு

விடிவதற்கு முன் அவளை எழுப்பிக் கீழே கூட்டிப்போனேன். தவமணி அக்கா டீ கொடுத்தார். மூவரும் பார்த்தோம். டீச்சர் காதைத் திருப்பியது, ஏறியது, நின்றது, இறங்கியது, போய்விட்டது.

"அவ்ளோதானா?" என்றாள் குமுதா.

"எல்லாரும் இதையே கேக்கறீங்க."

"மத்த நேரம் இன்னா பண்ணும்?"

"தூரமாப் போயி உக்காந்துரும். பக்கத்துல இருந்தா ஆபத்துன்னு."

"திரும்பிக்கூடப் பாக்கலியேடி."

"பாக்காது. ஆனா வரும்."

பஸ் ஸ்டாண்டு வரை போனேன். அவள் அம்மா மூட்டைகளோடு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். என் கையைப் பிடித்து, "நெத்திலி துன்னியாமே" என்றார்.

"ஃபோன் பண்ணலன்னா கோச்சுக்காதடி" என்றாள் குமுதா. "கம்பெனில ஃபோன வாங்கி வச்சுப்பாங்களாம். ஞாயித்துக்கெழமதான் குடுப்பாங்களாம்."

"நான் ஏன் கோச்சுக்கறேன்?"

"உன் மூஞ்சியப் பாரு. டீச்சரு மாதிரியே மொறைக்கிற."

பஸ் கிளம்பியபோது நான் நின்ற பக்கத்து ஜன்னலில் அவள் இல்லை. அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். வெயில் இந்தப் பக்கம் என்பதால் இருக்கும்.

ஜூலை 28

ஒன்றும் இல்லை. கூண்டு கழுவினேன்.

ஜூலை 30, புதன்

காற்று பலமாக இருக்கிறது. தகரம் பறக்காமல் இருக்க மூன்றாவது மாடிப் பையன் நான்கு மூலையிலும் கம்பி முறுக்கிக் கொடுத்தான்.

குட்டி கேட்டு ஆட்கள் வருகிறார்கள். கோதண்டம் அண்ணன் ஒன்று, சி பிளாக்கில் ஒரு அம்மா ஒன்று. பால் மறந்த பிறகு பார்க்கலாம், முதலில் வீட்டைக் காட்டுங்கள் என்றேன். சி பிளாக் அம்மா எங்கே வைப்பதாக இருக்கிறார் என்று போய்ப் பார்த்தேன். கோழிவலை. கொடுக்கமாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொன்னேன். "பெரிய முயல் கலெக்டரு" என்றார். வலையை மாற்றுவதாகவும் சொன்னார்.

குமுதாவிடமிருந்து போன் இல்லை. ஞாயிற்றுக்கிழமைதான்.

சாயங்காலம் பார்த்தபோது நான்கு குட்டிகளுக்கும் கண் திறந்திருந்தது. ஒன்று பஞ்சு மேட்டைவிட்டு வெளியே வந்து, பலகையின் விளிம்பில் நின்று, கீழே இருந்த உலகத்தை முறைத்தது. டீச்சர் மறுகோடியில் முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருந்தது. நான் நெடுநேரம் நின்றேன். அது திரும்பவில்லை. ஆனால் காது இரண்டும் பின்னால் குட்டிகளின் பக்கமே திரும்பியிருந்தன.